அறுபதுக்குப் பிறகு கற்பது: எங்கே சிக்குகிறது, ஏன்

கைபேசித் திரையில் ஒரு படக்குறியைத் தொடச் சொல்கிறோம். எழுபது வயதுக்காரர் விரலை வைக்கிறார். தொட்டது பதிய வேண்டுமே என்று கொஞ்சம் அழுத்தியே வைக்கிறார். செயலி திறக்கவில்லை. ஏதோ ஒரு சிறு பட்டியல் முளைக்கிறது, இல்லையென்றால் படக்குறிகளெல்லாம் நடுங்கத் தொடங்குகின்றன. "ஐயோ, கெடுத்துட்டேன்" என்று கையை இழுத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் "இப்படிக் கொடுங்க" என்று வாங்கித் தானே செய்து கொடுத்துவிடுகிறார். அன்றைய பாடம் அதோடு முடிந்துவிடுகிறது.

அங்கே நடந்தது மிகச் சின்ன விஷயம். விரல் ஏறத்தாழ அரை நொடிக்கு மேல் ஒரே இடத்தில் தங்கினால், கைபேசி அதைத் தொடுதல் என்று எடுத்துக்கொள்ளாமல் நீண்ட அழுத்தம் என்று கணக்கிடுகிறது. வயதானவர்கள் விரலை வைத்து எடுக்க இளையவர்களைவிடக் கூடுதல் நேரம் ஆகும். 'அமைப்புகள்' பகுதியில் 'அணுகல்தன்மை' என்ற பிரிவுக்குள் இந்த நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அந்த வசதி உண்டு. இன்னொரு காரணம் தோல். திரை, விரல் நுனி மின்சாரத்தைக் கடத்துவதை நம்பி வேலை செய்வது; ஈரப்பதம் அதற்குத் துணை. வயதாக ஆகத் தோல் உலர்ந்து, தொட்டாலும் பதியாமல் போகிறது. பதியாததால் அழுத்துகிறார், அழுத்துவதால் நீண்ட அழுத்தம் ஆகிறது. வகுப்புக்கு முன் கையில் சிறிது ஈரப்பசை தடவிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியைச் சொல்லிப் பலர் தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகளை நெறிப்படுத்துவது பற்றிச் சொன்ன பேச்சை மூளைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது பெரிய அநியாயம். முதியவர்களின் கற்றலில் 'மண்டையில் ஏறவில்லை' என்று சொல்லப்படும் இடங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே இருப்பவை நேரம், வெளிச்சம், சத்தம், இடைவெளி ஆகிய நான்கும்தான். நான்கையும் மாற்ற முடியும்.

மூளையில் எது குறைகிறது

முதலில் குறைவது வேகம். முப்பதுகளிலிருந்தே அது மெல்லச் சரிகிறது. அறுபதுக்கு மேல் வகுப்பறையில் வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு வருகிறது. வேகக் குறைவு எப்படி மறதியைப்போல் தோற்றம் தருகிறது என்பதை உளவியலாளர் திமோதி சால்ட்ஹவுஸ் 1996இல் விளக்கினார்: ஒரு வேலையின் பின்பகுதியைச் செய்து முடிப்பதற்குள் முன்பகுதியின் விளைவு மனதிலிருந்து நழுவிவிடுகிறது. "மேலே மூணு புள்ளி இருக்கு பாருங்க, அதைத் தொட்டு, கீழே இறங்கி, அமைப்புக்குள்ள போய், மொழியை மாத்துங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால் என்ன ஆகும்? மூன்று புள்ளியைக் கண் தேடிக்கொண்டிருக்கும்போதே மீதி மூன்று கட்டளைகளும் போய்விட்டிருக்கும். அவர் கேட்டார், புரிந்துகொண்டார். வைத்துக்கொள்ளத்தான் இடம் இருக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுங்கள். விரல் அதைச் செய்து முடிக்கட்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். அந்த ஐந்து நொடி மௌனம் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் சங்கடமாக இருக்கும், கற்பவருக்கு இருக்காது.

அடுத்துத் தளர்வது, இரண்டு விஷயங்களை ஒன்றோடொன்று முடிச்சுப்போடும் திறன். முகம் ஞாபகம் இருக்கும், பெயர் ஞாபகம் இருக்கும், இந்த முகத்துக்கு இந்தப் பெயர் என்ற இணைப்புத்தான் அவிழ்ந்துபோகும். படக்குறி நன்றாகத் தெரியும், அது எதைத் திறக்கும் என்பது நழுவும். தேவையில்லாததை வடிகட்டுவதும் கடினமாகிறது. பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தாலோ, பலகையில் சென்ற பாடத்தின் எழுத்து அழிக்கப்படாமல் இருந்தாலோ, அது மனதுக்குள் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புதுப் பாடம் தொடங்குமுன் பலகையை முழுக்க அழிப்பது முதியோர் வகுப்பில் மிக உருப்படியான வேலை.

குறையாதவையும் உண்டு. சொல்வளம் அறுபதுகளின் பிற்பகுதி வரைகூட வளர்ந்துகொண்டே போகிறது. சேர்த்து வைத்த அறிவு, தொழிலில் பழகிய தீர்ப்பு, பார்த்ததும் அடையாளம் காண்பது ஆகியவை வெகுகாலம் உறுதியாக நிற்கும். எதுவும் காட்டாமல் "நேற்று என்ன படித்தோம்?" என்று கேட்டால் திணறுபவர், நான்கு விடைகளைக் காட்டி "இதில் எது?" என்றால் சட்டென்று சொல்லிவிடுவார். ஆகவே புதியதைப் பழையதில் மாட்டித் தொங்கவிட வேண்டும். கணக்கெழுதிப் பழகியவருக்குக் கணினி அட்டவணையைப் பேரேட்டின் பத்திகளாகக் காட்டினால் போதும், மீதியை அவரே சொல்வார்.

ஆனால் பழைய பழக்கம் குறுக்கேயும் வரும். தட்டச்சு இயந்திரத்தில் வேலை பார்த்தவர் கணினியில் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் பொத்தானைத் தட்டுவார். ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வரி முடிவிலும் உருளையை இழுத்துவிட வேண்டும். அவர் எழுதிய பத்தியின் எழுத்தளவை மாற்றினால் வரிகள் தாறுமாறாக உடையும். "இங்கே வரி தானாகவே மடங்கும், பத்தி முடிந்தால் மட்டும் தட்டுங்கள்" என்று முதல் நாளே, அந்த இடத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பழைய பழக்கத்தோடு எங்கே ஒத்துப்போகிறது என்பதைச் சொல்வதுபோலவே, எங்கே முரண்படுகிறது என்பதையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத பாடம்

பாடம் மூளைக்குப் போவதற்கு முன்பே வாசலில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி முன்போல விரிவதில்லை, கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) மங்குகிறது. வில்லை மஞ்சள் பூப்பதால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் கரைகிறது. சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, "படித்துப் பார்க்கவே மாட்டேங்கிறார்" என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

பாடத்தாளில் எழுத்து குறைந்தது 16 பாயிண்ட், கறுப்பு மை, பளபளப்பில்லாத வெள்ளைத் தாள், வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தாளில் விளக்கொளி பட்டுத் தெறித்தால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தெரியாது. சன்னலுக்கு எதிரே உட்கார வைத்தால் ஆசிரியரின் முகம் இருட்டாகிவிடும். உதட்டசைவு தெரியாமல் போகும். அது காது மந்தமானவருக்கு இரட்டை இழப்பு. சன்னல் மாணவர்களின் பக்கவாட்டில் இருக்கட்டும்.

கணினித் திரையின் உயரத்தில் ஒரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் சேர்ந்த கண்ணாடி போட்டிருப்பவர் வாசிக்க வேண்டுமானால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்க்க வேண்டும். திரை கண்மட்டத்தில் இருந்தால் முகவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரத்தில் பிடரி வலிக்கும், அடுத்த வாரம் வரமாட்டார். காரணம் கேட்டால் "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்பார். திரையை வழக்கத்தைவிடத் தாழ்த்தி, சற்றுப் பின்னுக்குச் சாய்த்தால் போதும். தொடர்ந்து கணினியில் உட்காருபவர்கள் 60, 70 சென்டிமீட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

காது இன்னும் மோசமாக ஏமாற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அறுபதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாடத்தைப் பாதிக்கும் அளவுக்குக் காது கேளாமை இருக்கிறது. வயதில் வரும் மந்தம் முதலில் கூர்மையான ஒலிகளைத்தான் பறிக்கிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வில் இருப்பதால் தப்பிக்கின்றன, வல்லின மெய்கள் போய்விடுகின்றன. 'சட்டை', 'கட்டை', 'பட்டை', 'தட்டை' நான்கும் அவர் காதில் 'அட்டை' என்றே விழும். பேச்சு கேட்கிறது, சொல் விளங்கவில்லை. அதனால்தான் "காது கேட்குதே, நீங்கதான் முணுமுணுக்கிறீங்க" என்று அவர் சண்டைக்கு வருகிறார். அவர் சொல்வது அவரளவில் உண்மைதான்.

இதற்குக் கத்துவது மருந்தாகாது. கத்தும்போது உயிரொலிகள்தான் பெருக்கும், மெய்கள் அவற்றுக்குள் அமுங்கிப்போகும். அருகில் போங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் எதிரொலி இருப்பதால் கணக்கு சற்று மாறினாலும் அருகில் போவதன் பலன் கூடவே செய்யும். முகத்துக்கு நேராக, ஒன்றரை மீட்டருக்குள், சொற்களுக்கு இடையே நிறுத்திப் பேசுங்கள். மின்விசிறி, குளிர்சாதனம் ஆகியவற்றின் இரைச்சல் பேச்சைத் தின்றுவிடும். பாடம் சொல்லும் பத்து நிமிடம் அவற்றைக் குறைத்து வைக்கலாம். விளங்கவில்லை என்றால் அதே வாக்கியத்தை உரக்கத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். முதல்முறை விழுங்கப்பட்ட மெய் இரண்டாம் முறையும் விழுங்கப்படத்தான் போகிறது.

காது மந்தம் வகுப்போடு முடிவதுமில்லை. 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம், மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 மாற்றத்தக்க காரணிகளை அடுக்கியது. எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்பது அதன் மதிப்பீடு. அந்தப் பட்டியலில் காது கேளாமை முக்கிய இடத்தில் நிற்கிறது. சிறுவயதில் போதிய கல்வி கிடைக்காததும், முதுமையில் தனித்துப் போவதும் அதே பட்டியலில் உண்டு. ஆகவே ஒரு வகுப்பில் சேருமுன் செய்யவேண்டிய முதல் வேலை கண், காது சோதனை. நோட்டுப் புத்தகம் வாங்குவதெல்லாம் பிறகு.

மறதியைக் கணக்கில் வைத்துக் கற்பது

1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று தன்னையே அளந்து பார்த்து வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. அந்தச் சோதனைகளைச் செய்தபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. இதை ஒவ்வொரு முதியோர் வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பேன். ஒருமுறை கேட்டது மறந்துபோவது எந்த வயது மூளைக்கும் உள்ள வழக்கம். இளைஞர் மறந்தால் "இன்னொரு தரம் பார்த்துக்கலாம்" என்கிறார். முதியவர் மறந்தால் "வயசாயிடுச்சு" என்கிறார். மறதி இரண்டு பேருக்கும் இருக்கிறது. திரும்பவும் பார்ப்பது ஒருவருக்கு மட்டும் நடக்கிறது.

எனவே வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேர வகுப்பு என்பது, ஏற்பாடு செய்பவர்களுக்கு வசதியாக இருந்தாலும், மோசமான அமைப்பு. அதே 120 நிமிடத்தை ஆறு நாளைக்கு இருபது நிமிடமாகப் பிரித்தால் நிற்பது அதிகம். எல்லோரும் தினமும் கூடுவது முடியாது என்றால், வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் வகுப்பும், மீதி ஐந்து நாள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்யவேண்டியது என்ன என்பதை "பயிற்சி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "நாளைக் காலை உங்கள் தங்கைக்கு ஒரு படம் அனுப்புங்கள்" என்று ஆளும் நேரமும் வைத்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்த ஓர் ஆய்வு 1978இல் வெளியானது. தினமும் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றார்கள். ஆனால் அந்த முறையில் மனநிறைவு குறைவாக இருந்ததும் அவர்களுக்குத்தான், ஏனென்றால் முன்னேற்றம் மெதுவாக நடப்பதுபோல் தோன்றியது. இடைவெளி விட்டுக் கற்பவருக்கு இந்தத் தோற்றப்பிழையை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்.

மீள்பார்வைக்கு எளிய கணக்கு ஒன்று போதும். இன்று கற்றதை நாளை ஒருமுறை, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள். ஒவ்வொரு முறையும் முதலில் குறிப்பை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து செய்து பார்க்க வேண்டும், அதன்பிறகே திறந்து சரிபார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்பதை 2006இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் மாணவர்களிடம் காட்டினார்கள். முதியவர்களுக்கு இதில் ஒரு கவனம் வேண்டும். நினைவுக்கு வராமல் தவறான ஒன்றைச் செய்துவிட்டு, அது திருத்தப்படாமலே நின்றால், தவறும் அப்படியே பதிந்துவிடும். பத்து நொடி யோசித்தும் வரவில்லையா, முதல் எழுத்தையோ முதல் படியையோ கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதைவிடக் குறைவான துப்பு போதும்.

குறிப்பேடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் தனியாக இருக்கும்போது கைகொடுப்பது அதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. தலைப்பில் அந்த வேலையின் பெயர், பக்கத்தில் தேதி. படிகள் ஏழுக்கு மேல் போனால் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் படி திரை இருட்டாக இருக்கும் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். "செயலியைத் திறக்கவும்" என்று தொடங்கும் குறிப்புதான் வீட்டில் முதல் நிமிடத்திலேயே கைவிடுகிறது. பூட்டைத் திறப்பது எப்படி, செயலி எந்தப் பக்கத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்பது அங்கே எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லில் முடியட்டும்: தொடு, தள்ளு, காத்திரு. காத்திருக்கும் படியை எழுதாமல் விட்டால், திரை மாற எடுக்கும் மூன்று நொடியில் அவர் இரண்டாம் முறை தொட்டுவிடுவார், வேறெங்கோ போய் நிற்பார். பக்கத்தின் அடியில் ஒரு வரி நிலையாக இருக்க வேண்டும்: வழி தவறினால் முகப்புக்குத் திரும்பி முதல் படியிலிருந்து தொடங்கு. இந்த ஒரு வரி இருந்தால் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வெகுவாகக் குறைகிறது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுப் பொத்தான் இடம் மாறினால், மேலே உள்ள தேதி "தவறு என்னுடையது இல்லை, பக்கம்தான் பழையது" என்று சொல்லிவிடும்.

எழுதுவது அவர் கையாகவே இருக்க வேண்டும். அச்சிட்ட கையேடு அழகாக இருக்கும், அலமாரியிலேயே இருக்கும்.

எதைக் கற்றால் என்ன கிடைக்கும்

இங்கே நேர்மை தேவைப்படுகிறது. 'மூளைப் பயிற்சி' என்ற பெயரில் விற்கப்படுபவை வாக்களிப்பதும், கிடைப்பதும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து நடந்த 'ஆக்டிவ்' என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2002 முதல் வந்தன. நினைவு, காரண அறிவு, பார்வை வேகம் என்று மூன்று குழுக்களுக்குத் தனித்தனியே பத்து அமர்வுகள் பயிற்சி. ஒவ்வொரு குழுவும் தான் பழகியதில் முன்னேறியது, மற்றதில் முன்னேறவில்லை. பத்தாண்டு கழித்துக் காரண அறிவுக்கும் வேகத்துக்குமான பலன் நின்றது, நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்துவிட்டது. அதாவது மூளை தான் பழகியதைக் கற்கிறது. குறுக்கெழுத்துப் போடுபவர் குறுக்கெழுத்தில் தேர்ந்தவர் ஆகிறார். அது மகிழ்ச்சியான பொழுதுபோக்கு, தாராளமாகப் போடலாம். பூட்டிய கதவின் சாவி எங்கே என்ற நினைவை அது கூட்டித்தரும் என்று மட்டும் எதிர்பார்க்கக்கூடாது.

2014இல் உளவியலாளர் டெனிஸ் பார்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமானது. 60 முதல் 90 வயது வரையான 221 பேர். சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக்கலை, சிலருக்கு ஒட்டுத்துணி மெத்தை விரிப்பு தைப்பது, சிலருக்கு இரண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு கூடிப் பேசி, சுற்றுலா போய்ப் பொழுதைக் கழித்தது. இன்னொரு குழு வீட்டில் இருந்தபடி இசை கேட்பது, எளிய சொல் விளையாட்டு என்று செலவிட்டது. மூன்று மாதம், வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல். புதுத்திறன் கற்றவர்களுக்கு, குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு, நிகழ்வு நினைவு, அதாவது நடந்ததை நினைவுகூரும் திறன், மேம்பட்டது. சும்மா கூடிப் பேசியவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

வாரம் 15 மணி நேரம் என்ற அளவைக் கவனிக்க வேண்டும். அரைமணி நேர ஆர்வத்தில் வந்த பலன் இல்லை அது. புகைப்படக்கலையில் கருவி, ஒளி, மென்பொருள் என்று அடுக்கடுக்காகப் புதிய பாடம் வந்துகொண்டே இருக்கும். ஒன்று பிடிபடும்போது அடுத்தது கடினமாகும். கற்பதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: மூன்றாவது மாதத்திலும் இதில் புதிதாக ஏதாவது இருக்குமா? மொழி, இசைக்கருவி, தச்சுவேலை, ஓவியம், மென்பொருள் வரைவு எல்லாம் இந்தக் கேள்வியைத் தாண்டும்.

கற்றவர்களுக்கு மறதிநோய் வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நரம்பியல் உளவியலாளர் யாக்கோவ் ஸ்டெர்ன் போன்றவர்கள் விளக்கிய 'அறிவாற்றல் கையிருப்பு' என்ற கருத்து அடக்கமானது: மூளையில் ஒரே அளவு சேதம் இருந்தும், வாழ்நாளில் அறிவை அதிகம் புழங்கியவர் வெகுநாள் சமாளிக்கிறார், அறிகுறி தாமதமாகத் தெரிகிறது. சேதம் தடைபடுவதில்லை, வேலைக்கு மாற்றுவழிகள் கூடுதலாக இருக்கின்றன. ஐந்து ஆண்டு தள்ளிப்போனாலும் எண்பதைத் தொட்ட ஒருவருக்கு அது சிறிய விஷயமில்லை.

சொல்லிக்கொடுப்பவரும் முதியவரே

முதியவர்களுக்கென்று பல்கலைக்கழகப் படிப்பை 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் தொடங்கினார். 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்ற பெயர் அங்கிருந்து பரவியது. அங்கே பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோது பீட்டர் லாஸ்லெட், எரிக் மிட்விண்டர், மைக்கேல் யங் மூவரும் அதைத் தலைகீழாக்கினார்கள்: பேராசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை. தெரிந்த உறுப்பினர் தெரியாத உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுப்பார். இன்று நிலவியல் நடத்துபவர் நாளை பக்கத்து அறையில் இத்தாலி மொழி மாணவராக உட்காருவார்.

இதில் செலவு குறைகிறது என்பது சின்ன லாபம். பெரிய லாபம், சொல்லிக்கொடுப்பதற்காகத் தயாராகும்போது ஒருவர் கற்கும் அளவு. அதோடு, எழுபது வயதுக்காரர் சொல்லிக்கொடுக்கும்போது வேகம் தானாகவே சரியாக அமைகிறது. எந்த இடத்தில் சிக்கும் என்று அவருக்குத் தெரியும், போன மாதம்தான் அவரும் அங்கே சிக்கியிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் 'துடிப்பான முதுமை' என்ற கொள்கை ஆவணத்தை வெளியிட்டபோது, உடல்நலம், பங்கேற்பு, பாதுகாப்பு என்று மூன்று தூண்களைச் சொன்னது. 2015இல் பிரேசிலிலுள்ள பன்னாட்டு நீண்ட ஆயுள் மையம் அந்தக் கட்டமைப்பைத் திருத்தியபோது வாழ்நாள் கல்வியை நான்காவது தூணாகச் சேர்த்தது. காரணம் எளிது. மருந்துச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளவும், வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளவும், ஏமாற்று அழைப்பை இனம் காணவும் தெரியாதவருக்கு மற்ற மூன்று தூண்களும் தடுமாறும். 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை நலமான முதுமைக்கானதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது.

ஏமாற்று அழைப்பு என்றதும் எச்சரிக்கைத் தாள் கொடுத்து முடித்துவிடுவது வழக்கம். அது போதாது. மோசடிக்காரர் அவசரத்தை உண்டாக்குகிறார். வேகம் குறைந்தவருக்கு அவசரம்தான் பலவீனமான இடம். "வைத்துவிடு, ஐந்து நிமிடம் உட்கார், அட்டையின் பின்னால் உள்ள எண்ணை நீயே அழை" என்ற மூன்று செயலையும் வகுப்பில் ஒருவர் மோசடிக்காரராகப் பேச, மற்றவர் நிஜமாகவே அழைப்பைத் துண்டித்துப் பழக வேண்டும். மரியாதை கெட்டுவிடுமோ என்று துண்டிக்கத் தயங்கும் கைகளுக்கு அந்தப் பழக்கம் தேவை.

உடம்பும் கூடவே வர வேண்டும்

கற்பதற்குத் தெளிவான தலை வேண்டும், அது பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே தீர்மானமாகிறது. 65 வயதுக்கு மேல் வாரம் 150 முதல் 300 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் நடை, இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் என்று ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி 2 விழுக்காடு அளவு பெருத்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அப்படிக் கிடைக்கவில்லை என்றாலும், நடையால் இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் மூன்றும் சீராவது உறுதி. மூன்றும் நினைவுக்கு நேரடியாக வேண்டியவை.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் பழைய வகை மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி போவதைக் கட்டுப்படுத்தும் சில மருந்துகள் ஆகியவை நினைவை மழுக்கக்கூடியவை. திடீரென்று ஒருவர் வகுப்பில் தடுமாறத் தொடங்கினால் "புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா?" என்று கேட்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தானாக நிறுத்தக்கூடாது, பட்டியலோடு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைக் காலையில் சாப்பிடுபவர் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் வகுப்பு நடந்தால்தான் நிம்மதியாக உட்காருவார். நாற்பது நிமிடத்துக்கு ஓர் இடைவேளை, கைப்பிடி வைத்த நாற்காலி, காலை பத்து மணியை ஒட்டிய நேரம். முதியவர்கள் பலர் காலையில்தான் கூர்மையாக இருக்கிறார்கள், பிற்பகலில் வகுப்பு வைத்தால் அரைத்தூக்கத்தில் வந்து அமர்கிறார்கள்.

வகுப்பு எதனால் கலைகிறது

பலரும் வகுப்பை விடுவது பாடம் புரியாததால் என்று நினைக்கிறோம். கூர்ந்து பார்த்தால் அவமானம்தான் பெரிய காரணம். "போன வாரமே சொன்னேனே" என்ற ஒரு வாக்கியம் போதும். ஒரு சோதனையை 'நினைவுத் தேர்வு' என்று அறிமுகப்படுத்தினால் முதியவர்களின் மதிப்பெண் குறைவதும், அதையே பொது அறிவுக் கேள்வி என்று சொன்னால் அந்தக் குறைவு மறைவதும் ஆய்வுகளில் பார்த்த உண்மை. ஆகவே 'தேர்வு' என்ற சொல்லே வேண்டாம். "யார் யாருக்கு எந்த இடத்தில் நின்றுபோச்சு?" என்று கேளுங்கள். எல்லோருக்கும் எங்கோ ஓரிடத்தில் நின்றுபோயிருக்கும்.

அடுத்தது, கையிலிருந்து வாங்கிச் செய்து கொடுப்பது. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த அன்பு பாடத்தைப் பறித்துவிடுகிறது. சொல்லிக்கொடுப்பவர் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது நல்ல விதி. வாயால் மட்டும் சொல்லலாம், விரலால் சுட்டலாம், தொடக்கூடாது. ஒரு வகுப்பில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. நான்கு பேருக்கு ஓர் உதவியாளர் என்று வைத்தால் நடக்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த வயதில் வகுப்பு இடையில் நிற்பது சகஜம். கண் அறுவை, காய்ச்சல், துணைவரின் உடல்நிலை, ஒரு சாவு. நான்கு வாரம் கழித்துத் திரும்பி வருபவர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்போதே எல்லோரும் வெகுதூரம் போய்விட்டதுபோல் அவருக்குத் தோன்றும். அன்று அவரைப் புதுப் பாடத்தில் உட்கார வைக்காதீர்கள். குறிப்பேட்டில் அவரே எழுதிய, அவருக்கு நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு பக்கத்தைத் திறந்து, அதைச் செய்யச் சொல்லுங்கள். முதல்முறை எடுத்த நேரத்தில் பாதிகூட எடுக்காது, ஏனென்றால் மறந்துபோனதாகத் தோன்றுவதை மறுபடி கற்பது புதிதாகக் கற்பதைவிட வேகமாக நடக்கும். எபிங்ஹாஸ் அளந்ததும் இந்த மிச்சத்தைத்தான். அதை அவர் தன் கண்ணால் பார்த்த பிறகு, விடுபட்ட பாடங்களின் பட்டியலைக் கொடுங்கள். மூன்றுக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரப்போகும் சக மாணவரின் பெயரோடு.